இன்னொரு சிடி

சிடியை உள்ளே தள்ளியதும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு அந்தச் சின்னக் கட்டம் மறுபடியும் திரையில் வந்து உட்கார்ந்தது.

இந்த சிடியைப் பிரதி எடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

அதற்குக் கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான். வேண்டாம் என்று சொல்லக்கூட இடம் வைக்கவில்லை. சரி என்றேன்.

“பாட்டு!” என்று உள்ளறையிலிருந்து குட்டி கத்தினாள்.

மகளுக்கு மூன்று வயது. மதியமானாலும் ராத்திரியானாலும் இந்த சிடியில் இருக்கும் மூன்றாவது பாட்டு ஓடினால்தான் கண்ணை மூடுவாள். தோளில் போட்டு நடந்து பார்த்தாயிற்று, கதை சொல்லிப் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று. அவளிடம் எதுவும் பலிக்காது. பாட்டில்லாத ஒரு ராத்திரி விடிய விடிய அழுது, கடைசியில் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது.

அதனால்தான் இன்னொரு சிடி வேண்டும். நாளைக்குள் வேண்டும்.

கடையில் கேட்டேன். அந்த ஆல்பம் இப்போது வருவதே இல்லையாம். கடைக்காரர் வேறு தாலாட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். நான் ஏமாந்தாலும் குட்டி ஏமாற மாட்டாள்.

சொந்தக் காசு போட்டு வாங்கிய சிடி இது. ஆனாலும் கம்ப்யூட்டரில் போட்டால், கம்பெனிக்காரன் என் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றுகொண்டு என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். போதாக்குறைக்கு, என்னைக் கேட்காமல் தன்னுடைய சாஃப்ட்வேர் ஒன்றையும் உள்ளே இறக்கிவிட்டான். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்து உட்காரவே அரைமணி நேரம் ஆகிறது. திருட்டு சிடி கிடைக்குமா என்று நடைபாதைக் கடைகளிலும் தேடினேன். இந்த ஆல்பத்தைத் திருடக்கூட ஆளில்லை.

முந்தாநாள் எப்படியோ ஒன்று பதிவானது. போட்டுக் கேட்டால் வெறும் இரைச்சல். அப்படி வீணாய்ப்போன சிடிகள் எல்லாம் இப்போது டீ டம்ளர்களுக்கு அடியில் கிடக்கின்றன. அது குட்டியின் அம்மாவுடைய யோசனை.

நேற்று நாங்கள் இருவரும் சேர்ந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துப் பதிவு செய்தோம். பாட்டு முடியும்வரை ஒருவரோடொருவர் பேசவில்லை. அதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கிறவருக்கு யார் சொல்வது? குட்டி அந்தப் பதிவைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது சிடியில் பாடுகிற அக்கா இல்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்று வேறு வழியில்லாமல் சிடி உறையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கும்போது போட்ட பாட்டுக்கு மட்டும் எந்தப் பூட்டும் இல்லை. திரும்பத் திரும்ப ஓசியில் ஓடியது.

குட்டியின் அம்மா வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

ஒருவழியாக ஒருவர் பேசினார். சின்ன வயதுக் குரல். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வேலை, அவருக்கும் அலுப்புத்தான். பிரதி எடுப்பதற்கென்று ஒரு ரகசிய எண் இருக்கிறதாம். தகுந்த காரணம் சொன்னால் ஒரே ஒரு பிரதிக்குத் தருவார்களாம்.

கீறல் விழுந்துவிட்டதா என்று கேட்டார். அப்படியானால் அனுப்பி வையுங்கள், மாற்றித் தருகிறோம் என்றார். மாற்றித் தந்தாலும் கையில் இருக்கப்போவது ஒன்றுதானே? கீறல் இல்லை என்றேன். காரில் போட்டுக் கேட்பதற்கா என்றார். எங்களிடம் கார் இல்லை. வேறு யாருக்காவது கொடுப்பதற்கா என்று கேட்டுவிட்டு, அது சட்டப்படி குற்றம் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

“அப்புறம் எதுக்கு சார்? ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதுமே.”

சிடி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

குட்டியின் அம்மா குனிந்து போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ரெண்டு வீடுங்க,” என்றாள். “நாளையிலேர்ந்து குழந்தை பாதி நாள் இங்க, பாதி நாள் என்கிட்ட.”



இதை நாங்கள் இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் அம்மாவுக்குத் தெரியாது. அவள் அண்ணனுக்குத் தெரியாது. முதன்முதலில் கேட்டது முகம் தெரியாத ஒரு ஆள்.

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“எண்ணைச் சொல்றேன், போட்டுக்கிறீங்களா மேடம்?”

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, நான் தட்டினேன். ஒரு இடத்திலும் தப்பவில்லை. கம்ப்யூட்டர் இந்தத் தடவை முரண்டு பிடிக்கவில்லை. பிரதி எடுக்க ஆரம்பித்துவிட்டது.

அவள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஏதாவது சொல்லி மறுத்துவிடாதா என்று நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.