உத்தரத்துக்குக் கீழே

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரவிருந்த காலையில், அம்புரோஸ் தகரக் கூரைக்கு அடியில் தெர்மோகோல் பலகைகளால் இன்னொரு கூரை அடித்து முடித்திருந்தான். உறைபனி விழ ஒரு வாரமே இருந்தது. இண்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டியபின் எங்காவது காற்று நுழைகிறதா என்று பார்க்க ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாகக் கொண்டுபோனான். புகை எங்கும் வளையவில்லை. இதைத் தாண்டி ஒரு குளிரும் இறங்காது என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை.

குழந்தையோடு உள்ளே வந்த அவன் மனைவி திரேசா அண்ணாந்து பார்த்தாள்.

“எல்லாம் சரிங்க. உத்தரத்தையும் சேர்த்து மூடிட்டீங்களே, தூளிய எதுல கட்டறது? உங்க மூக்குலயா?”

“கயிறு நுழையற அளவுக்கு ரெண்டு ஓட்டை போட்டாப் போச்சு.”

“போடுங்க. குளிரு நேரா புள்ள மேலயே இறங்கட்டும்.”

அவன் கத்தியை எடுத்தான், கீழே வைத்தான். பிறகு தூளிக்கென்று எடுத்துவைத்திருந்த பழைய சேலையை உதறி, அதன் இரு முனைகளையும் தன் தோளுக்கு மேல் இறுக முடிந்து, குழந்தையை வாங்கி அதில் கிடத்தினான்.

“மாசிக் குளிரு முடியற வரைக்கும் இப்படியேவா?” என்றாள் திரேசா.

“சத்தம் போடாத, தூங்கறான்,” என்றான் அம்புரோஸ், மெல்ல ஆடியபடியே.