ஸ்ரீ வந்தால் நின்றுவிடும்

“ஸ்ரீலங்கா வந்தாலே எல்லாம் நிண்டுபோகுது அண்ணை. அதைத் தூக்கிப்போட்டாத்தான் மற்ற நாடுகள் நிம்மதியா இருக்கும்,” என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள் இரஞ்சிதம். வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

வீட்டுக்காரி பியட்றிஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். “டீச்சர், உங்களத்தான் கேக்குறாங்க!”

2007ஆம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாண அடையாள அட்டையோடு பேராதனையில் அறை எடுத்திருக்கும் கணக்கு டீச்சரைத் தேடிப் பொலிஸ் வந்தால், சுகம் விசாரிக்க வந்ததாக யாரும் நினைக்கமாட்டார்கள். பியட்றிஸ் ஒரு பையில் துவாய், பிஸ்கட் பெட்டி, அந்தோனியார் படம், குளிக்க நாலு கட்டி சவர்க்காரம் எல்லாவற்றையும் திணித்தாள். “மூணு மாசத்துக்குப் போதும் டீச்சர்,” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே ஜீப்பில் தானும் ஏறிக்கொண்டாள்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அபேகோன் மேசைக்குப் பின்னால் காத்திருந்தார். அவருடைய காதுகள் இரண்டும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. கடுங்கோபம் போலிருக்கிறது என்று இரஞ்சிதம் நினைத்தாள்.

“இருங்க மிஸ்,” என்றார். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த சிங்களவர். தமிழ் அவருக்குத் தடங்கலில்லாமல் வந்தது. “ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெர்மனியில இருந்து ஒருத்தர் பேசுறார். யாரு?”

“தேவராசா அண்ணை. கம்பியூட்டரை ஓட்டுறதுக்கு ஒரு இயங்குதளம் இருக்கெல்லே, அதை முழுக்கத் தமிழில வரச் செய்யிறம்.”

“செய்யிறம்னா எத்தனை பேரு?”

“தெரியாது சேர். ஆரும் வந்து சேரலாம்.”

“எங்க இருக்காங்க?”

“கனடா, நோர்வே, சுவிஸ்…”

“தலைவர்?”

“அப்பிடி ஒருத்தரும் இல்லை.”

“பிடிபட்ட எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சம்பளம்?”

“ஒண்டும் இல்லை. சும்மாதான் செய்யிறம்.”

“இலட்சியத்துக்காக?”

“ஓம்,” என்றவள் பதறிப்போய், “இல்லை இல்லை,” என்றாள். பியட்றிஸ் பையை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இதில ரகசியம் ஒண்டும் இல்லை சேர். நாங்கள் எழுதுறதெல்லாம் திறந்துதான் கிடக்கு. ஆரும் வாசிக்கலாம், பிழை கண்டா ஆரும் திருத்தலாம். அதுதான் எங்கட கொள்கை.”

“ஓ, கொள்கையும் இருக்கு,” என்று தலையாட்டினார் அபேகோன். “அப்ப ஸ்ரீலங்காவ ஏன் தூக்கணும்? இப்பகூடச் சொன்னீங்களே!”

இரஞ்சிதத்துக்குக் கண் கலங்கியது. “நாட்டுப் பட்டியலில ஸ்ரீலங்காவைத் தெரிவு செய்தா மெஷின் அப்பிடியே நிண்டிடும் சேர். மெஷினுக்கு ஸ்ரீ எண்டது நாலு துண்டு சேந்த எழுத்து. அதிலதான் ஏதோ பிழை. மூண்டு மாசமாத் தேடுறம், பிடிபடேல்லை. அதுதான் இப்போதைக்குப் பட்டியலில இருந்து எடுப்பம் எண்டு…”

“இலங்கைன்னு போட்டாப் போச்சு.”

“போடலாம். ஆனா ஸ்ரீதரன் எண்டு பேர் வச்சவன் என்ன செய்வான்?”

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். ஸ்ரீதரனுக்காக அவர் உண்மையாகவே கவலைப்படுவது போலத் தெரிந்தது.

“சரி, அதை எதுக்கு டெலிபோன்ல?”

“என்ர இணையம் நிமிசத்துக்கொருக்கா அறுந்துபோகும். அதால எழுதின புரோகிராமை வரி வரியா அண்ணைக்கு வாசிச்சுக் காட்டுறனான்.”

“வாசிக்கிறீங்க, வாசிக்கிறீங்க, ரெண்டு மணித்தியாலம் வாசிக்கிறீங்க,” என்று பெருமூச்சு விட்டு, காதுகளைத் தேய்த்துக்கொண்டார் அபேகோன்.

பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மேசை இலாச்சியைத் திறந்து தடித்த எழுதுகொப்பி ஒன்றை எடுத்து அவள் முன்னால் போட்டார். வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லப்போகிறார் என்று இரஞ்சிதத்துக்கு விளங்கிவிட்டது.

“அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் கோல் எடுக்கட்டோ சேர்?” என்று கேட்டாள். பியட்றிஸ் அந்தோனியார் படத்தை வெளியே எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“முதல்ல கொப்பியப் பாருங்க.”

பார்த்தாள். வாக்குமூலம் இல்லை. பென்சிலால், குண்டு குண்டு எழுத்தில், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தொலைபேசியில் வாசித்தது முழுவதும் வரி எண்ணோடு இருந்தது. ஓரமெல்லாம் சிங்களத்தில் குறிப்புகள், கேள்விக்குறிகள், அம்புக்குறிகள்.

“ஏழு மாசமா உங்க டெலிபோனை ஒட்டுக் கேக்குறது நான்தான் மிஸ்,” என்றார் அபேகோன். “ஏதோ சங்கேத பாசைன்னு நெனச்சு ஒரு சொல் விடாம எழுதினேன். அர்த்தம் பிடிக்கிறதுக்காக லைப்ரரியில கம்பியூட்டர் புத்தகம் எடுத்துப் படிச்சேன். படிச்ச பொறகு தூக்கமே இல்ல. போன மாசமே சொல்லியிருப்பேன். ஆனா ஒட்டுக் கேக்குறவன் நடுவில பேசக்கூடாதே!”

இரஞ்சிதம் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அபேகோன் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மேசைமேல் குனிந்து, சிவப்பு மையால் வட்டமிட்ட ஓர் இடத்தில் விரலை வைத்து, தணிந்த குரலில் சொன்னார்:

“நூத்திப் பதினாறாவது வரியில மூணுன்னு இருக்கு மிஸ், அத நாலாக்குங்க.”