பாலூட்டும் அறையில் பத்து நிமிடம்

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் தாய்மார்கள் பாலூட்டும் அறையைத் திறந்து, பெருக்கி, பூட்டுவது ஞானகுமாரியின் வேலை. ஒரு மாலை, பாரிவாக்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்த தேவிப்பிரியா வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கொழந்த எங்கம்மா?"

"பொறந்த எட்டாம் நாளே போயிட்டான்க்கா. பால் மட்டும் நிக்கல. கட்டிக்கினு வலிக்குது. பத்து நிமிசம் உள்ள ஒக்காந்துக்கவா?"

ஞானகுமாரி கதவைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் தேவிப்பிரியா வந்தாள். வெளியே வரும்போது வலி போய் முகம் தெளிந்திருக்கும். ஆனால் பாலைப் பீய்ச்சி ஊற்றிய ஈரம் அறையில் ஒருநாளும் இருந்ததில்லை. ஞானகுமாரி அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அவள் வரத் தொடங்கிய ஏழாம் மாதம் ஒருநாள், தேவிப்பிரியா கண்கலங்கி அறையிலிருந்து வெளியே வந்தாள். ஆனாலும் சிரித்தாள்.

"கடிச்சிட்டான்க்கா."

"பல்லு மொளைக்கிற வயசாச்சில்ல," என்றாள் ஞானகுமாரி.

மறுநாள் அவள் நிலையத்துக் கடையில் ஒரு ரப்பர் முயல் வாங்கி அறையின் பெஞ்சில் வைத்தாள். தேவிப்பிரியா பஸ் ஏறிப் போன பிறகு பெருக்க உள்ளே போனாள். முயலின் காது எச்சிலில் ஊறியிருந்தது. அதில் இரண்டே இரண்டு சின்னப் பற்களின் தடம். ஞானகுமாரி அதைக் கழுவித் துடைத்து, நாளைக்கு வேண்டுமே என்று அதே பெஞ்சில் வைத்துவிட்டுப் பூட்டினாள்.