அதிரசத்தின் ஓரம்

அவள் போட்ட இலையை அத்தை எடுத்துத் திருப்பிப் போட்டாள்.

ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பழையபடியே திருப்பினாள்.

தாத்தாவின் முதல் வருஷப் படையல்.

சுவரில் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. போட்டோ எடுக்கும்போதுகூட வாய்க்குள் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு சிரித்த மனுஷன்.

மழை பிடித்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவார். டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதிரசத்தை ஓரத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். நொறுக் நொறுக்கென்று சுற்றிக் கடித்துக்கொண்டே வந்து, மெத்தென்ற நடுவைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்.

சர்க்கரை வந்தது. மருமகளான அத்தை அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள்.

பேத்தியான அவள் அதிரசத்தைக் கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்தாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல்.

ஆனி மாதம் பிடிபட்டாள்.

"இனி இந்த வாசல்ல உன் காலு படக்கூடாது."

படவில்லை. கார்த்திகையில் தாத்தா இறந்த பிறகுதான் பட்டது. அன்றைக்குச் சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்த இடத்தில், அழுகைக்கு நடுவே, அத்தை அவளை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இவதான். தீனி போட்டே கொன்னுட்டா எங்க மாமனார."

ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்த வார்த்தை தொண்டையை விட்டு இறங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும். பாத்திரம் துலக்கும்போது வரும்.

நான்தானா?

மிட்டாய்க்கடைப் பக்கம் போவதையே விட்டிருந்தாள். மாமா போன் செய்து, "அப்பாவுக்குப் பேத்தின்னா நீ ஒருத்திதானம்மா, வந்துரு" என்ற பிறகு, நேற்றுதான் உள்ளே போய் அதிரசம் வாங்கினாள்.

பொட்டலத்தை நீட்டினாள். அத்தை தொடக்கூட இல்லை.

"உன் கையால அவர் தின்னது போதும். ஓரமா வை."

வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள்.

இலை நிறைந்துகொண்டே வந்தது. சோறு. கருவாட்டுக் குழம்பு. அவித்த முட்டை. ஒரு கட்டு பீடி. இருந்தபோது கண்ணில் காட்டாததெல்லாம் இப்போது வரிசை கட்டி வந்தது. எல்லாம் அத்தை கையால்.

மாமா தேங்காய் உரிக்கக் கொல்லைக்குப் போனார்.

அத்தை அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். பாலில் ஏதோ கூழாகக் கிடந்தது.

அதிரசம்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன அத்தை இது, பூனைக்கு வைக்கிற மாதிரி? தாத்தா என்னைக்கு இப்படித் தின்னாரு? ஓரத்தைக் கடிச்சாத்தான் அவருக்கு அதிரசம். கூட இருந்து என்னத்தப் பாத்தீங்க?"

"உனக்கு என்னடி தெரியும்?" கிண்ணம் ணங்கென்று இலையில் இறங்கியது. "ஆவணியில கீழ்ப்பல்லு மொத்தமும் போச்சு. ஓரம் குத்தி ஈறெல்லாம் ரத்தம். அப்புறம் ஓரத்தக் கிள்ளிப் போட்டுட்டு, வெதுவெதுன்னு பால்ல ஊறவச்சு, ஸ்பூனால மசிச்சு ஊட்டுனாத்தான்..."

அத்தை நிறுத்திக்கொண்டாள்.

ஆவணி.

இந்த வாசலில் இவள் காலே படாத ஆவணி.

கொல்லையில் மட்டை உரிபடும் சத்தம் கேட்டது.

தீனி போட்டது யாரென்று கேட்டுவிடலாம். அன்றைக்கு அத்தை எந்தக் குரலில் சொன்னாளோ, அதே குரலில். மாமா வரட்டும். அவரை நிற்க வைத்துக்கொண்டு கேட்கலாம். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு வருஷத்துப் பசி அதற்கு.

அத்தை நிமிரவில்லை.

அத்தையின் கை நகர்ந்தது. கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. முட்டையை அந்தப் பக்கம் ஒதுக்கியது.

இலையில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விழுந்தது.

மாமா தேங்காயோடு வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

அத்தையின் கை சோற்றுக்கு மேல் அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்ல மாமா" என்றாள் அவள்.

பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றை எடுத்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் ஓரத்தைக் கிள்ள ஆரம்பித்தாள்.