ஸ்போரனுக்குள்ள ஒரு கை

நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஒண்ணு பொய்னாலும் என் கில்ட்டு, அதான் எங்க ஆம்பளைங்க கட்டுற கட்டம் போட்ட பாவாடை, நடுத்தெருவுல அவுந்து விழட்டும். எங்க கிரீனாக் ஊர்ல அதுக்கு மேல சத்தியம் கிடையாது.

"ச்சீ! அந்த எஃபியைப் பாருடா! அறுபது வயசுல, பிள்ளைங்களோட காசுக்கு அடிச்சுக்குது!"

கார் ஜன்னல் வழியாத் திரும்பிப் பாத்துச் சிரிச்சான் மாப்பிள்ளை இன்னஸ். பக்கத்துல அவன் தம்பி லாக்லன். அவன்தான் மாப்பிள்ளைத் தோழன், கல்யாண மோதிரமும் அவன் பொறுப்பு.

கல்யாணக் கார் கிளம்புறப்ப பிள்ளைங்களுக்குச் சில்லறை வீசணும், அது வழக்கம். லாக்லனும் இப்பதான் ஒரு பிடி அள்ளி வீசினான். சரிவுத் தெருவாச்சே, காசு உருண்டு ஓடுச்சு. எதிர்வீட்டு எஃபி பிள்ளைங்களை முழங்கையால இடிச்சுத் தள்ளிட்டு, சாக்கடை ஓரமா மண்டிபோட்டுத் துழாவிக்கிட்டிருந்தா.

"நாமதான் கல்யாணத்துக்குக் கூப்பிடலையே. கிடைச்ச வரைக்கும் லாபம்னு பாக்குது" லாக்லனும் சிரிச்சான்.

கில்ட்டுல பாக்கெட் கிடையாது. வாடகைக் கோட்டுல இருக்கறது வெறும் தையல் வேஷம், விரல் கூட நுழையாது. இருக்கறதெல்லாம் இடுப்புச் சங்கிலியில முன்னாடி தொங்குற ஒரே ஒரு தோல் பை, ஸ்போரன். லாக்லன் பையை அன்னிக்குக் காலையிலேயே ஊரே பங்கு போட்டுக்கிச்சு.

"என் போனை வெச்சுக்கடா."

"மாமாவோட மாத்திரை, ஜாக்கிரதை."

கார் சாவி, சீப்பு, மிட்டாய், தைரியத்துக்கு ஒரு குட்டி விஸ்கி பாட்டில். பை உப்பிப் போச்சு.

"என்னடா இது, ஏழு மாசமா?" இன்னஸ் அவன் பையைத் தட்டினான். "மோதிர டப்பாவைத் தூக்கி எறி. மோதிரத்தை மட்டும் உள்ள போடு."

போட்டான். அது மேலதான் சில்லறையையும் கொட்டினான்.

"இவன்கிட்டயா மோதிரத்தைக் குடுக்கப் போற? போன வாரம்தான் வீட்டுச் சாவியைத் தொலைச்சான்" மணப்பொண்ணு ஷோனா முந்தின நாளே தலையில அடிச்சுக்கிட்டா.

"என் தம்பிக்கு நான் பொறுப்பு"ன்னு சொல்லி வெச்சிருந்தான் இன்னஸ்.

சர்ச்சுல அண்ணனும் தம்பியும் போதகர் முன்னாடி போய் நின்னாங்க.

"மோதிரம் இருக்கில்ல?"

"இருக்குடா. சும்மா நை நைன்னு..."

சொல்லிட்டுக் கையை விட்டான் லாக்லன். போன் இருந்துச்சு. மாத்திரை இருந்துச்சு. சீப்புப் பல்லு விரல்ல குத்துச்சு. மூலையில நாலு காசு.

மோதிரத்தைக் காணோம்.

அள்ளி வீசின அந்தப் பிடி கண்ணு முன்னாடி வந்துச்சு பாருங்க, வேர்த்துக் கொட்டிருச்சு. பையைக் கவுத்துப் பாக்கலாம்னா விஸ்கி பாட்டில் போதகர் கால்ல விழும். கண்ணை மூடிக்கிட்டு மறுபடி துழாவினான்.

முதல் வரிசையிலேருந்து அத்தை சீறினா: "டேய்! சர்ச்சுக்குள்ள நின்னுக்கிட்டு முன்னாடி அங்க என்னடா நோண்டுற? எடு கையை!"

"எடுக்கத்தான் அத்தை பாக்கறேன்..."

"வாயை மூடு!"

வெளிய பேக்பைப் வாத்தியம் ஊத ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணு வந்தாச்சு. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? ஷோனா மூஞ்சில எப்படி முழிக்கிறது? இப்படியே ஓடிப் போயிடலாமா?

கதவு திறந்துச்சு. எல்லாரும் எழுந்தாங்க.

வந்தது பொண்ணு இல்ல. எஃபி!

காலுறை கிழிஞ்சு, முழங்கால்ல ரத்தமும் சேறும், மூச்சு வாங்குது. பொண்ணுக்கு முன்னாடி, நடுப்பாதையில விறுவிறுன்னு வந்து லாக்லன் எதிர்ல நின்னா.

"டேய் லாக்லன்! வீசுறதுதான் வீசுற, கை நிறைய வீசினா என்னடா? மிச்சம் வெச்சிருக்க பாரு, எடு!"

அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள ஸ்போரனுக்குள்ள கையை விட்டுட்டா.

"கர்த்தாவே!" அத்தை பைபிளால முகத்தை மூடிக்கிட்டா. பின் வரிசையில எவனோ விசில் அடிச்சான்.

இன்னஸ் பல்லைக் கடிச்சான். "எஃபியம்மா, மரியாதையா வெளிய போயிடுங்க!"

"போறேன்டா, போறேன். வந்த வேலை முடிஞ்சுது." மூடின கையோட, ஊரே காறித் துப்பாத குறையாப் பாக்க, விந்தி விந்திப் போயிட்டா.

பொண்ணு வந்தா. பாட்டு முடிஞ்சுது. ஜெபம் முடிஞ்சுது.

"மோதிரம்?" போதகர் கையை நீட்டினார்.

லாக்லன் ஒப்புக்குத்தான் கையை விட்டான். விரல்ல சில்லுனு ஒண்ணு பட்டுச்சு. வட்டமா, போனுக்கும் மேல, யாரோ பாத்து எடுத்து வெச்ச மாதிரி.

"ஏன்டா இதுல சேறு?" கிசுகிசுத்தான் இன்னஸ்.

லாக்லன் அதைக் கில்ட்டுல துடைச்சுக் குடுத்தான்.

விருந்துல முழுக்க எஃபி பேச்சுத்தான்.

"உன் பையிலேருந்து எவ்வளவுடா வழிச்சுக்கிட்டுப் போனா அந்தப் பேராசைக்காரி?" ஷோனா கேட்டா. மேசையே அவனைப் பாத்துச்சு. அண்ணனும் பாத்தான்.



"கையில அகப்பட்டதையெல்லாம்"னான் லாக்லன்.

எல்லாரும் சிரிச்சாங்க. அவன்தான் சத்தமாச் சிரிச்சான்.

இன்னிவரைக்கும் எஃபியும் யார்கிட்டயும் சொல்லல, லாக்லனும் சொல்லல. 'அப்புறம் உனக்கு எப்படிய்யா தெரியும்?'னு கேக்கறீங்களா? அதான் சத்தியம் பண்ணிட்டேன்ல, மேல நோண்டாதீங்க. கதைக்குக் கூலியை எடுங்க. வீசாதீங்க, கையில வைங்க. தப்பித் தவறி மோதிரம் ஒண்ணு அதுல கலந்து வந்துச்சுன்னா, முட்டி தேய ஓடி வந்து திருப்பிக் குடுக்க நான் ஒண்ணும் எஃபி இல்ல!