உள்ளே விழுந்த பந்து

உடைமாற்றும் அறையில் சாயங்கால வெயில் கோணலாகக் கிடக்கிறது. நேற்று முளைத்த பயலிடம் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வந்த டென்னிஸ் சாம்பியன், முழங்காலில் ஐஸ் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. "போதுங்க, விட்டுடுங்க," என்கிறாள் மனைவி. சரியென்று தலையாட்டுகிறார். ஆனால் அவருடைய வெறும் கை, சர்வீஸ் போடுவதற்கு முன்னால் எப்போதும் செய்வதுபோல, இல்லாத பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறது. சட்டென்று கை நிற்கிறது. வெளியே, மட்டையில் பந்து படும் சத்தம். அவளுக்கும் கேட்கிறது. ஜன்னலில் எட்டிப் பார்க்கிறாள். மைதானத்தில் ஈ காக்கை இல்லை, வலையைக்கூடக் கழற்றிவிட்டார்கள். ஐஸ் உருகிச் சொட்டுகிறது. கை மறுபடியும் தட்டத் தொடங்குகிறது. "இது உள்ளேதான் விழுந்துது," என்கிறார் அவர், காதைச் சாய்த்தபடி.