மூன்றாவது கையெழுத்து

“அல்ஜீப்ராவுல சி கிரேடு. இந்த லட்சணத்துல உனக்குக் காலேஜ் பாடம் கேக்குதா?” தலைமையாசிரியை டார்லா படிவத்தைப் புரட்டினார்.

“பழைய ஏற்பாட்டுல அல்ஜீப்ரா வராது மேடம்.”

டாபித்தாவுக்குப் பதினாறு வயது. பள்ளி முடிவதற்குள் பைபிள் கல்லூரியின் முதல் வருடத்தை ஆன்லைனிலேயே முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

“ஆலோசகர் சிபாரிசு எங்கே?”

“அதையும் நீங்கதானே எழுதணும்!”

“எல்லா வேலையும் என் தலையிலதான்.” டார்லா சிரித்தபடி தலைமையாசிரியை, ஆலோசகர் என இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். “நீ கெட்டிக்காரி, முடிச்சிடுவே. அடுத்தது, பெற்றோர் கையெழுத்து.”

“அங்கதான் சிக்கல். அம்மா நாளைக்கு, நாளைக்குன்னு மூணு வாரமா இழுத்தடிக்கிறாங்க.”

“ஏனாம்?”

“காலேஜ்னு ஆரம்பிச்சா சீக்கிரமே வீட்டை விட்டுக் கிளம்பிடுவேன்னு பயம். ஆனா கையெழுத்து வாங்காம நான் விடப்போறதில்ல. இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

டார்லா பேனாவை மூடினார். டாபித்தா அதைப் பிடுங்கி, திறந்து, மறுபடி அவர் கையிலேயே திணித்தாள்.

“தலைமையாசிரியை போட்டாச்சு. இப்ப நீ போடும்மா.”

பாட நேரத்தில் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது, பிள்ளைக்கு வீட்டிலேயே அம்மா பாடம் நடத்தும் அந்த அமெரிக்க நெப்ராஸ்கா வீட்டின் சட்டம். சமையலறை மேசைதான் பள்ளிக்கூடம். டாபித்தாதான் அதன் ஒரே மாணவி.

டார்லா மூன்றாவது இடத்திலும் கையெழுத்துப் போட்டார். அது மட்டும் கோணலாக விழுந்தது.